மயங்கி விழுவது ஏன்? இதயத்தை மெதுவாக்கும் நரம்புகள்

இதயம் துடிப்பதற்கு மூளையின் ஆணை தேவையில்லை. அதன் வலது மேலறைச் சுவரில் உள்ள சைனஸ் கணு தானாகவே மின்துடிப்பை எழுப்புகிறது. நரம்புகளின் தலையீடு எதுவும் இல்லையென்றால் ஓர் இளைஞரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். ஆனால் ஓய்வாக உட்கார்ந்திருப்பவரின் நாடியைப் பிடித்துப் பார்த்தால் 70-ஐ ஒட்டியே இருக்கும். அந்த வேகத்தைக் குறைத்து வைத்திருப்பது வேகஸ் நரம்பு. மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் புறப்பட்டு, கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் வரை கிளைவிடும் பத்தாவது கபால நரம்பு அது. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எப்படியோ, இதயத்துக்கு வேகஸ் அப்படி. இழுத்துப் பிடித்தால் வேகம் தளரும்; விட்டால் கூடும். இதற்கு எதிர்ப்பக்கம் வேலை செய்வது தண்டுவடத்திலிருந்து வரும் பரிவு நரம்புகள். அவை துடிப்பை விரைவாக்கி, ரத்தக் குழாய்களை இறுக்கி, ரத்த அழுத்தத்தை உயர்த்துகின்றன.

நிமிடத்துக்கு 60-க்குக் கீழ் துடித்தால் மருத்துவம் அதைக் குறைதுடிப்பு என்கிறது. ஆனால் எண்ணிக்கை குறைந்ததாலேயே அது நோயாகிவிடாது. நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு 40 முதல் 50 வரை இருப்பது இயல்பு. ஆழ்ந்த உறக்கத்தில் எல்லோருக்குமே குறையும். மூளைக்குப் போகும் ரத்தம் குறையும்போதுதான் சிக்கல் வருகிறது. உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை, இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் சுமார் 15 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது. அது 6 முதல் 8 விநாடி நின்றாலே நினைவு தப்பிவிடும். மயங்கி விழுந்தவரைப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்: இதயம் தன் கோளாறால் மெதுவானதா, நரம்பு இழுத்து மெதுவானதா? இரண்டுக்கும் ஆபத்தின் அளவு வேறு, சிகிச்சையும் வேறு.

வேகஸ் இதயத்தை மெதுவாக்கும் என்பதை 1845-ல் ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் காட்டினார்கள். எப்படி மெதுவாக்குகிறது என்பது 1921-ல் தெரியவந்தது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார்; அந்த இதயம் மிதந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். நரம்பைத் தொடாமலே இரண்டாவது இதயமும் மெதுவானது. நரம்பின் முனையில் சுரக்கும் ஒரு வேதிப்பொருள்தான் செய்தியைக் கொண்டுசெல்கிறது என்பது அதனால் உறுதியானது. அசெட்டைல்கோலின் என்று பிறகு அடையாளம் காணப்பட்ட அந்தப் பொருள் தொடர்பான ஆய்வுக்காக லோவிக்கும் ஹென்றி டேலுக்கும் 1936-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று தருமபுரியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாடி மிகவும் தாழ்ந்தவருக்கு அட்ரோபின் ஊசி போடுவதன் அடிப்படையும் இதுவே. அசெட்டைல்கோலின் இதயத்தில் போய் ஒட்டும் இடத்தை அட்ரோபின் அடைத்துக்கொள்கிறது.

சாதாரண மயக்கம்

படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் 500 முதல் 800 மில்லி ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதை உடனே கண்டுகொண்டு முகுளத்துக்குத் தெரிவிக்கின்றன. வேகஸின் பிடி தளர்கிறது, பரிவு நரம்புகள் குழாய்களை இறுக்குகின்றன, இதயம் சற்று வேகமாகிறது. நாளெல்லாம் யாருக்கும் தெரியாமல் நடக்கும் ஏற்பாடு இது. இந்த ஏற்பாடு திடீரெனத் தலைகீழாவதுதான் உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் மயக்க வகை. பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1932-ல் அதற்கு வேசோவேகல் மயக்கம் என்று பெயரிட்டார்.

பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனை மைதானத்தில் இதை அடிக்கடி பார்க்கலாம். காலையில் சாப்பிடாமல், தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் வந்த பிள்ளை வெயிலில் அசையாமல் நிற்கிறது. முதலில் கொட்டாவி வரும், வயிற்றைப் புரட்டும். முகம் வெளுக்கும், நெற்றியிலும் உள்ளங்கையிலும் குளிர்ந்த வியர்வை அரும்பும். காது அடைத்ததுபோல் இருக்கும். "கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்று சொல்வதற்குள் கால் துவண்டு சரியும். அந்த நேரத்தில் நாடி 90-லிருந்து 40-க்கு இறங்கியிருக்கும். சிலருக்குச் சில விநாடிகள் துடிப்பே நின்றுபோகும். தரையில் கிடையாக விழுந்ததும் ரத்தம் தலைக்குத் திரும்புகிறது. ஒரு நிமிடத்துக்குள் கண் திறக்கிறது. விழுந்த நிலையில் கைகால் சில முறை உதறினாலும் அது வலிப்பு நோயாக இருக்க வேண்டியதில்லை. மூளைக்கு ரத்தம் குறைந்ததால் வரும் சிறு துடிப்பே அது. பெரும்பாலும் 15 விநாடியைத் தாண்டாது.

இங்கே ஒரே நேரத்தில் இரண்டு ஆணைகள் பிறக்கின்றன. வேகஸ் இதயத்தை இழுத்துப் பிடிக்கிறது. பரிவு நரம்புகள் குழாய்களின் இறுக்கத்தைக் கைவிடுகின்றன. சிலருக்கு முதலாவது மேலோங்கும், சிலருக்கு இரண்டாவது, பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். குழாய்கள் தளர்வதே முக்கியக் காரணமாக இருப்பவருக்கு, துடிப்பை மட்டும் கூட்டும் சிகிச்சையால் பெரிய பலன் கிடைக்காது.

ஊசியைப் பார்த்ததும், ரத்தத்தைக் கண்டதும், கடும் வலியிலும், திருவிழாக் கூட்ட நெரிசலிலும் மயங்குவதும் இந்த வகைதான். இரவில் எழுந்து நின்றபடி சிறுநீர் கழித்து முடிக்கும்போதும், மலச்சிக்கலில் முக்கும்போதும், அடுக்கடுக்காக இருமும்போதும் வரும் மயக்கம் இதன் உறவு. நடுவயதைத் தாண்டிய ஆண்களில் சிலருக்குக் கழுத்துத் தமனியின் உணரி மிகைக்கூர்மை அடைகிறது. இறுக்கமான சட்டைக் கழுத்து, முகச்சவரம், சட்டெனத் தலையைத் திருப்புவது ஆகியவையே துடிப்பை 3 விநாடிக்கு மேல் நிறுத்தப் போதுமானவை. இதை உறுதிசெய்யக் கழுத்தை அழுத்திப் பார்க்கும் சோதனையை ஈசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போது மருத்துவர்தான் செய்ய வேண்டும். வீட்டில் யாரும் முயலக் கூடாது. அரிதாக, விழுங்கும்போது தொண்டையிலும் காதிலும் மின்னலடிப்பதுபோல் வலி வந்து, உடனே நாடி தாழ்ந்து மயங்குவோர் உண்டு. ஒன்பதாவது கபால நரம்பின் கோளாறு அது. அந்த நரம்பும் வேகஸும் முகுளத்தில் அடுத்தடுத்து இருப்பதால் ஒன்றின் கிளர்ச்சி மற்றதையும் தொற்றிக்கொள்கிறது.

மூளையில் நோய் இருக்கும்போது

தருமபுரி மாவட்டத்தின் தெற்கு எல்லையில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் லாரிகள் கட்டுப்பாடிழந்து மோதும் விபத்துகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. தலையில் அடிபட்டு வருபவரின் நாடி வேகமாக இருப்பதே வழக்கம். அது மெல்ல மெல்லக் குறைந்து 50-க்கு வந்து, ரத்த அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போய், மூச்சும் ஒழுங்கிழந்தால், மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடி முகுளம் நசுங்குகிறது என்று பொருள். அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கிய இந்த மூன்று அறிகுறிகளும் சேர்ந்து தெரிவது காலம் கடந்துகொண்டிருப்பதற்கான எச்சரிக்கை. மூளைக்குள் ரத்தக் கசிவு, கட்டி, மூளைநீர்த் தேக்கம் ஆகியவற்றிலும் இதே மூன்றும் வரலாம். அப்போது நாடியைக் கூட்டுவது சிகிச்சையாகாது. மூளையின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

இதுவரை அனுபவிக்காத கொடுமையான தலைவலி நொடியில் தாக்கி, அதோடு நினைவு தப்பினால், மூளை உறையடியில் ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம். பக்கவாதமும், வேகஸும் பரிவு நரம்புகளும் அடங்கிய தன்னியக்க நரம்புகளை ஆளும் இன்சுலா என்ற மூளைப் பகுதியைத் தாக்கும்போது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கிறது.

வலிப்பு நோயில் துடிப்பு வேகமாவதே பெருவழக்கு. ஆனால் பொட்டு மடலில் தொடங்கும் வலிப்புகளில் மிகச் சில, முகுளம் வரை பரவி இதயத்தை மெதுவாக்குகின்றன. அபூர்வமாகச் சில விநாடிகள் நிறுத்தியும் விடுகின்றன. அத்தகைய நோயாளி முதலில் வெறித்துப் பார்ப்பார், வாயைச் சப்புக்கொட்டுவார், துணியைப் பிசைவார். பிறகு உடல் தளர்ந்து விழுவார். மூளை மின்வரைவையும் ஈசிஜியையும் ஒரே நேரத்தில், வீடியோவுடன் பதிவுசெய்தால்தான் எது முதலில் வந்தது என்று தெரியும். அந்த வசதி பெங்களூரு நிமான்ஸ் போன்ற பெரிய நிலையங்களில் இருக்கிறது. கர்நாடகத்தின் தென்பகுதியில் அதிகமாகக் காணப்படுவதும் நிமான்ஸ் மருத்துவர்கள் விரிவாக ஆராய்ந்ததுமான வெந்நீர் வலிப்பும் இங்கே நினைவில் வைக்க வேண்டியது. தலைக்குச் சூடான நீர் ஊற்றிக் குளிக்கும்போது நினைவு தடுமாறுவதை வெந்நீர்ச் சூட்டில் வந்த மயக்கம் என்று ஒதுக்கிவிட்டால் அந்த நோய் கண்ணில் படாமல் போகும்.

தண்டுவடமும் நரம்புகளும்

இதயத்தை விரைவாக்கும் பரிவு நரம்புகள் தண்டுவடத்தின் மேல் மார்புப் பகுதியிலிருந்து வெளிவருகின்றன. மரமேறி விழுந்தோ, வண்டி கவிழ்ந்தோ கழுத்து எலும்பு முறிந்து தண்டுவடம் அறுபட்டால் மூளைக்கும் அந்த நரம்புகளுக்குமான தொடர்பு போய்விடுகிறது. வேகஸ் தண்டுவடம் வழியாகப் போவதில்லை என்பதால் அதற்குச் சேதமில்லை. எதிர்ப்பார் இல்லாமல் அது மட்டும் ஆட்சி செய்ய, நாடி 40-க்குக்கூட இறங்கும், ரத்த அழுத்தமும் விழும். ரத்தம் இழந்து அதிர்ச்சிக்குள்ளானவரின் கை குளிர்ந்து நாடி ஓடும். தண்டுவடம் அறுபட்டவரின் கை வெதுவெதுப்பாகவும் நாடி மந்தமாகவும் இருக்கும். முதல் இரண்டு வாரங்கள் ஆபத்து மிகுதி.

தண்டுவடம் மெல்ல மெல்ல நசுங்குவதும் உண்டு. தருமபுரி நிலத்தடி நீரில் மிகுந்திருக்கும் ஃபுளூரைடு பல்லைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. பல ஆண்டுகள் அந்த நீரைக் குடித்தவர்களுக்கு முதுகெலும்பின் இணைப்புத் திசுக்கள் கல்லாக இறுகி, தண்டுவடம் செல்லும் வழி குறுகலாம். சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர்ப் பகுதியின் ஃபுளூரோசிஸ் பற்றி ஷார்ட், பண்டிட் முதலிய மருத்துவர்கள் 1937-லேயே எழுதினார்கள். கால் விறைப்பு, நடையில் தடுமாற்றம், சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவை முதல் குறிகள். கழுத்துப் பகுதியில் நசுக்கம் கடுமையானால் பரிவு நரம்பிழைகளும் அதில் சிக்கலாம். ஒகேனக்கல் காவிரி நீரைத் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஆனாலும் அதற்கு முன்பே எலும்பில் படிந்துவிட்ட ஃபுளூரைடின் விளைவை முதியவர்களிடம் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தண்டுவடத்துக்கு வெளியே உள்ள நரம்புகளைத் தாக்கும் நோய்களில் கில்லன்-பாரே முக்கியமானது. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து சில வாரத்தில் காலில் தொடங்கும் பலவீனம் மேலேறி வரும். தன்னியக்க நரம்புகளும் பாதிக்கப்படுவதால் நாடி ஒரு மணி நேரத்தில் 130-க்கும் 40-க்கும் இடையே ஊசலாடக்கூடும். தொண்டைச் சளியை உறிஞ்சும்போதுகூட இதயம் நின்றுவிடக்கூடும் என்பதால் அவர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக் கண்காணிக்கிறார்கள்.

மிகப் பரவலாக இருப்பது சர்க்கரை நோய். பல ஆண்டுகள் கட்டுப்படாத சுகர், தன்னியக்க நரம்புகளை அரித்துவிடுகிறது. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் விழுகிறது; அதை ஈடுகட்ட நாடி ஏற மறுக்கிறது. நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20-ஓ கீழ் அழுத்தம் 10-ஓ குறைந்தால் அது நிலைமாற்ற ரத்த அழுத்தக் குறைவு. பார்க்கின்சன் நோயிலும் இதே நிலை வரும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில்தான் தொடங்கியது. பிபிக்கும் சுகருக்கும் மாத்திரை வீடு தேடி வரும் இந்தக் காலத்தில், முதியவருக்கு உட்காரவைத்து மட்டுமின்றி நிற்கவைத்தும் அழுத்தம் பார்க்க வேண்டும். பல விழுதல்களை அந்த ஒரு பழக்கமே தடுக்கும்.

நரம்பைப் பிடிக்கும் நஞ்சுகள்

வேளாண் மாவட்டத்தில் மறக்கக் கூடாத காரணம் பூச்சிமருந்து. குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள், அசெட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்குகின்றன. வேகஸ் நரம்பின் முனையில் அந்தப் பொருள் தேங்கி, இதயத்தை அழுத்துகிறது. மூக்கை மூடாமல், கையுறை இல்லாமல், காற்றுக்கு எதிராக நின்று மருந்தடிப்பவரின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது ஏறும். வாயில் எச்சில் ஊறும், கண்ணீர் வழியும், உடல் வியர்க்கும், வாந்தியும் பேதியும் வரும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும், நாடி தாழும். வயலில் மயங்கியவரிடம் இந்த அறிகுறிகள் சேர்ந்து தெரிந்தால், துணிகளைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவுடன் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உதவுகிறவர் வெறும் கையால் தொடக் கூடாது.

செந்தேள் கொட்டும்போதும் முதலில் வியர்வை, வாந்தி, எச்சிலோடு நாடி குறையலாம். பிறகு பரிவு நரம்புகள் கொந்தளித்து ரத்த அழுத்தம் ஏறி நுரையீரலில் நீர் கோக்கும். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிறு நகரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், பிரசோசின் மாத்திரை இந்தக் கொந்தளிப்பை அடக்கும் என்று காட்டிப் பல உயிர்களைக் காத்தார். மஞ்சள் அரளிக் காயைக் குழந்தைகள் தெரியாமல் தின்றாலும் நாடி ஆபத்தாகத் தாழும். அரளி நஞ்சு இதயத் தசையை நேராகத் தாக்குவதோடு வேகஸின் பிடியையும் இறுக்குகிறது.

நரம்புக் கோளாறு என்று முடிவுகட்டும் முன், அதுபோலவே தோன்றும் பிற காரணங்களை விலக்க வேண்டும். இதயத்தின் மின்பாதை அடைப்பு, மாரடைப்பு, தைராய்டு குறைவு, ரத்தத்தில் பொட்டாசியம் மிகுதல் ஆகியவை அவற்றுள் சில. அட்டெனலால், மெட்டோபுரோலால், டில்டியாசெம், டிகாக்சின் ஆகிய மாத்திரைகளும், கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும், மறதி நோய்க்கான டோனெபெசிலும் நாடியைக் குறைக்கும். சாப்பிடும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் எடுத்துக்காட்டுவது இதனால்தான்.

கண்டறிதல்

மயங்கியவருக்கு நடந்தது நினைவிருக்காது. ஆகவே பக்கத்தில் இருந்தவர் சொல்வதே முதல் சோதனை. அதற்கு இணையான கருவி இல்லை. நின்றிருந்தாரா, படுத்திருந்தாரா? முன்கூட்டியே கண் இருட்டியதா? முகம் வெளுத்ததா, நீலமானதா? கண் திறந்திருந்ததா? கைகால் உதறியது விழுவதற்கு முன்பா, பின்பா, எவ்வளவு நேரம்? நாக்கின் பக்கவாட்டில் கடித்திருக்கிறதா? தெளிந்ததும் உடனே பேசினாரா, வெகுநேரம் குழம்பினாரா? வலிப்பில் கண்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கும், முகம் நீலமாகும், நாக்கின் பக்கவாட்டில் கடிபடும், தெளிந்தபின்னும் குழப்பம் நீடிக்கும். சாதாரண மயக்கத்தில் முகம் வெளுக்கும், தெளிவு சட்டெனத் திரும்பும். கையில் செல்போன் இருந்தால் ஒருவர் உதவும்போது இன்னொருவர் அரை நிமிடம் வீடியோ எடுத்துவைப்பது மருத்துவருக்குப் பெரும் துணை.

அடுத்தது நாடி, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, ஈசிஜி. இவை சித்தேரி மலையடிவாரத்து அரூரிலும் பென்னாகரத்திலும் கிடைக்கக்கூடியவை. பெரும்பாலானோருக்கு இதற்கு மேல் தேவைப்படாது. ஐயம் தீராதவர்களுக்கு 24 மணி நேர ஹோல்டர் பதிவு, 60 முதல் 70 பாகை சாய்த்த கட்டிலில் நிறுத்திப் பார்க்கும் சாய்மேசைச் சோதனை, மூளை மின்வரைவு ஆகியவை உண்டு. நரம்புக் குறைபாடோ தலையில் அடியோ இல்லாத சாதாரண மயக்கத்துக்கு ஸ்கேன் பெரும்பாலும் வீண்செலவே.

உழைக்கும்போதோ ஓடும்போதோ மயங்குவது, படுத்த நிலையில் மயங்குவது, முன்னறிகுறியே இல்லாமல் விழுவது, நெஞ்சு வலி அல்லது படபடப்புடன் விழுவது, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பது ஆகியவை இதய நோயின் குறிகள். கை, கால் வலுவிழப்பு, பேச்சுக் குழறல், கடும் தலைவலி, அடங்காத வலிப்பு ஆகியவை மூளை நோயின் குறிகள். இவற்றில் ஒன்றிருந்தாலும் 108-ஐ அழைத்து, 2008-ல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சேலத்துக்கோ தாமதமின்றிக் கொண்டுபோக வேண்டும்.

உடனடி உதவியும் சிகிச்சையும்

மயங்கியவரைத் தூக்கி உட்காரவைப்பதே மிகப் பெரிய தவறு; தலைக்குத் திரும்பும் ரத்தத்தை அது மறுபடி கீழே இறக்கிவிடும். தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களை ஓர் அடி உயர்த்தி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கூட்டத்தை விலக்கினால் போதும். நினைவு திரும்பும் முன் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. சாவி கொடுக்கும் நேரத்தில் வலிப்பு தானாகவே அடங்குகிறது. வலிப்பாகத் தெரிந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். மூச்சும் நாடியும் இல்லையென்றால் அது மயக்கமே இல்லை. உடனே நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கத் தொடங்க வேண்டும்.

சாதாரண மயக்கம் அடிக்கடி வருபவர்கள் காரணத்தைத் தெரிந்து தவிர்க்கலாம். நாளுக்கு 2 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிப்பது, காலை உணவைத் தவிர்க்காதது, நெடுநேரம் அசையாமல் நிற்காதது ஆகியவை அடிப்படை. பிபி, சிறுநீரக, இதய நோய் இல்லாதவர்கள் மருத்துவர் சொன்னால் உப்பைக் கூட்டலாம். கண் இருட்டத் தொடங்கியதும் கால்களைப் பின்னித் தொடையை இறுக்குவது, இரு கை விரல்களைக் கோத்து எதிரெதிராக இழுப்பது, குந்தி உட்கார்வது ஆகியவை ரத்தத்தை மேலே தள்ளிப் பல மயக்கங்களைத் தடுத்துவிடும்.

பேஸ்மேக்கர் எல்லா நரம்பு மயக்கத்துக்கும் மருந்தில்லை. 40 வயதைக் கடந்து, மயங்கும் வேளையில் இதயம் நீண்ட நேரம் நிற்பது பதிவில் உறுதியானவர்களுக்கும், கழுத்துத் தமனி உணரிக் கோளாறு கடுமையாக உள்ளவர்களுக்கும் அது பயன் தரும். வலிப்பால் துடிப்பு நிற்பவருக்கு வலிப்பைக் கட்டுப்படுத்துவதே முதல் சிகிச்சை. தண்டுவடக் காயத்திலும் கில்லன்-பாரேயிலும் அட்ரோபினும் தற்காலிகப் பேஸ்மேக்கரும் ஆபத்தான நாட்களைக் கடத்திவிடும். இதயச் சுவரில் வேகஸ் முடியும் நரம்பு முடிச்சுகளைக் கதிரலை வெப்பத்தால் சுடும் முறையை பிரேசிலின் ஜோசே பாச்சோன் 2005-ல் விளக்கினார். தேர்ந்தெடுத்த இளவயது நோயாளிகளுக்குச் சில பெரிய மையங்களில் அது செய்யப்படுகிறது.

காரணம் தெளியும்வரை வண்டி ஓட்டுவது, மரம் ஏறுவது, தனியே கிணற்றிலும் ஆற்றிலும் இறங்குவது, அடுப்புக்கு மிக அருகில் நின்று வேலை செய்வது ஆகியவற்றைத் தள்ளிப்போட வேண்டும். நரம்பு மயக்கத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் மயக்கம் அன்று, விழும் இடமே.